வீட்டினுள்ளே ஒரு பள்ளி

எமது நாட்டிலே ஒரு சொல் வழங்குகின்றது. தாயொருத்தி மூன்று வயதுப் பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு காலையிலே விரைந்து செல்வாள். “எங்கை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு?” என்று அயலாள் கேட்டால், “மொன்ரிசோரிக்கு” என்பாள். தமிழர் வாழும் ஒழுங்கைகளிலும் சிங்களவர் வாழும் வீதிகளிலும் இச்சொல் ஒன்றே. பாலர் பள்ளி எத்தகையதாயினும் அதற்கு மொன்ரிசோரி என்பதே பெயராகிவிட்டது. ஒருவருடைய பெயர் ஊரவர் வாயிற் பொதுச்சொல்லாய் வழங்கத் தொடங்கினால், அப்பெயருக்கு உரியவர் மறக்கப்படுதல் உலக வழக்கு. மொன்ரிசோரி அம்மையார் யாவர்? அவருடைய முதற் பள்ளி யாருடைய பிள்ளைகளுக்காக ஏற்பட்டது? அப்பள்ளிக்கும் அப்பிள்ளைகளின் வீட்டாருக்கும் இருந்த தொடர்பு எத்தகையது? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சியில் நாம் இறங்கியதற்கு ஒரு காரணமுண்டு. சென்ற விடுமுறையிலே எம்மிற் சிலர் எமதூர்ச் சனசமூக நிலையத்திலே சிறு பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்தினோம். படங்கள் வரைந்தோம், கதைகள் சொன்னோம், பாட்டுக்கள் பழக்கினோம். முதல் வாரத்தில் ஓடியோடி வந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி மூன்றாம் வாரம் வரவில்லை. நான்காம் வாரமும் வரவில்லை. இடாப்பிலே அவள் பெயருக்கு நேரே கோடு கீறிவிட்டு, “தாய்க்குப் படிப்பிலே அக்கறையில்லை” என்று எமக்குள்ளே தீர்ப்பும் கூறிக்கொண்டோம். அத்தாயை எம்மில் ஒருவராவது அதுவரை கண்டதில்லை. அத்தீர்ப்பு எங்ஙனம் எம்மீதே திரும்பிற்று என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

சான் லொரென்சோ

இத்தாலிய நாடு ஒன்றுபட்டபின் 1871-இல் உரோமாபுரி அதன் தலைநகராயிற்று. தலைநகரிலே வீடுகளுக்குக் கிராக்கி மிகும் என்று கணக்கிட்டவர்கள் 1880-ஆம் ஆண்டுகளிலே கடன்மேற் கடன் பட்டு மாடிமேல் மாடியாகக் கட்டடங்களை எழுப்பினார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே பணநெருக்கடி வந்தது. வங்கிகள் தள்ளாடின, கட்டுவித்தவர்கள் கைவிட்டார்கள். முற்றுப்பெறாத பெருங் கட்டடங்கள் எலும்புக்கூடுகள் போல நின்றன. இத்தகைய இடங்களுள் ஒன்றே சான் லொரென்சோ என்னும் பகுதி. ஒருபுறம் புகையிரதப் பாதைகள். மறுபுறம் நகரத்தின் பெரிய மயானம். பிழைப்புத் தேடி நாட்டுப்புறங்களிலிருந்து வந்த ஏழைகள் அக்கட்டடங்களிற் புகுந்தார்கள். பல அறைகள் கொண்ட வீட்டை ஒருவர் வாடகைக்கு எடுத்து, அதனை அறையறையாகப் பிறருக்கு விடுவார். அவ்வறையை எடுத்தவர் அதன் மூலையொன்றை இன்னொருவருக்கு விடுவார். நோயும் பசியும் குற்றமும் அங்கே குடிகொண்டதில் வியப்பில்லை.

பின்னர் ஒரு வீடமைப்பு நிறுவனம் இக்கட்டடங்களை வாங்கித் திருத்தி, சிறுசிறு வீடுகளாகப் பிரித்து, தொழிலாளர் குடும்பங்களைக் குடியேற்றியது. அதன் தலைவர் எடோர்டோ தலாமோ என்னும் பொறியியலாளர். திருத்திய கட்டடங்களிலே புதிதாய் ஒரு தொல்லை தோன்றியது. தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவர். மூத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போவர். பள்ளி வயதை எட்டாத சிறுவர்கள் படிக்கட்டுக்களிலும் நடைகளிலும் நாள் முழுவதும் அலைந்தார்கள், சுவர்களிலே கிறுக்கினார்கள், வெள்ளையடித்த இடங்களை அழுக்காக்கினார்கள். அவர்களை ஓர் அறையிலே கூட்டிவைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தினால், சுவர்களைத் திருத்தும் செலவு மிஞ்சும் என்று தலாமோ எண்ணினார். உலகப் புகழ்பெற்ற ஒரு கல்வி இயக்கம் சுவரைக் காக்கும் எண்ணத்திலே பிறந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

தலாமோ அணுகியது மரியா மொன்ரிசோரி என்னும் வைத்தியரை. 1870-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31-ஆந் திகதி கியாரவல்லே என்னும் ஊரிலே பிறந்தவர் அவர். 1896-இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்திலே பட்டம் பெற்று, இத்தாலியின் முதற் பெண் வைத்தியர்களுள் ஒருவரானார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளோடு பழகி, அவர்களுக்கு வைத்தியத்தைக் காட்டிலும் கல்வியே வேண்டும் என்று கண்டவர். இத்தார், செகுவேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர்களின் வழியைக் கற்று, அப்பிள்ளைகளுக்கென்று கருவிகள் அமைத்தவர். அக்கருவிகளை மற்றைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற அவா அவருக்கு நெடுநாளாக இருந்தது. தலாமோவின் அழைப்பு அதற்கு வழி திறந்தது.

1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆந் திகதி, வியா தெய் மார்சி என்னும் தெருவில் 58-ஆம் இலக்கக் கட்டடத்திலே, ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளோடு அவ்வில்லம் திறக்கப்பட்டது. அதற்குக் ‘காசா தெய் பம்பினி’ என்று பெயரிட்டார்கள். சிறுவர் இல்லம் என்பது அதன் பொருள். அதனை நடத்தும் பொறுப்பு கந்திதா நுச்சிதெல்லி என்னும் ஆசிரியையிடம் ஒப்படைக்கப்பட்டது. மேற்பார்வை மொன்ரிசோரி அம்மையாருடையது.

சுவரிலே ஒட்டிய விதிகள்

இவ்வில்லத்தை மற்றைப் பாலர் பள்ளிகளினின்றும் வேறுபடுத்தியது யாது? கருவிகள் என்று பலர் விடை கூறுவர். அது பாதி விடையே. பள்ளி, பிள்ளைகள் வாழ்ந்த அதே கட்டடத்தினுள்ளே இருந்தது. பெற்றோர் கொடுத்த வாடகையின் ஒரு பங்கிலே அது நடந்தமையால், இது உங்கள் பள்ளி என்று அவர்களுக்குச் சொல்ல முடிந்தது. எல்லாவற்றிலும் மேலாக, ஆசிரியை அதே கட்டடத்திலே குடியிருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் ஏறிய படிக்கட்டிலேதான் பிள்ளையின் தாயும் ஏறினாள். தாய் எந்நேரமும் வந்து தன் பிள்ளை என்ன செய்கின்றது என்று பார்க்கலாம்.

இல்லத்தின் விதிகள் சுவரிலே ஒட்டப்பட்டிருந்தன. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகள் சேரலாம். கட்டணம் இல்லை. ஆனால் பெற்றோருக்குக் கடமைகள் உண்டு. குறித்த நேரத்திலே, உடலும் உடையும் சுத்தமாய், பிள்ளையை அனுப்ப வேண்டும். ஆசிரியைக்கு மிகுந்த மரியாதை காட்டி அவருடன் ஒத்துழைக்க வேண்டும். அழுக்காய் வரும் பிள்ளை நீக்கப்படும். பெற்றோர் மரியாதை தவறினும், தம் நடத்தையாற் பள்ளியின் பணியைக் கெடுப்பினும், பிள்ளை நீக்கப்படும்.

இவ்விதிகளை முதன்முறை வாசித்தபோது எமக்கு மனம் நொந்தது. தண்ணீருக்கும் சவர்க்காரத்திற்கும் வழியில்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? பெற்றோர் ஆசிரியைக்கு மரியாதை காட்ட வேண்டும் என்று விதித்தவர்கள், ஆசிரியை பெற்றோருக்கு மரியாதை காட்ட வேண்டும் என்று ஏன் விதிக்கவில்லை? நாம் மிஷன் கல்லூரிகளிலே பயின்றவர்கள். எம் தாய் தந்தையர் மடித்த குடையோடு அலுவலக வாயிலிலே நெடுநேரம் காத்து நின்றதைக் கண்டவர்கள். கல்வி தருபவர் மேலே, பெறுபவர் கீழே என்னும் ஏணியை நாம் நன்கு அறிவோம். சான் லொரென்சோவிலும் அவ்வேணி இருந்தது.

எனினும் அவ்விதிகளிடையே வேறோர் ஏற்பாடும் இருந்தது. வாரத்தில் ஒரு முறையேனும் தாய்மார் ஆசிரியையிடம் வந்து பேசலாம். வீட்டிலே பிள்ளை எப்படி நடக்கின்றது என்று தாய் சொல்ல வேண்டும். ஆசிரியை தம்மால் இயன்ற யோசனை கூற வேண்டும். இதன் ஒழுங்கை உற்று நோக்குக. முதலிலே பேசுபவள் தாய். பிள்ளையைப் பற்றிய அறிவிலே ஒரு பாதி அவளிடமே உண்டு என்பதை இவ்விதி ஒப்புக்கொண்டது. மற்றை விதிகள் எல்லாம் குடியிருப்பின் சொந்தக்காரனுடைய குரல் என்றால், இவ்வொன்றே அயலவளின் குரல்.

பிள்ளைகள் காட்டியவை

அம்மையார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியதிலும் அவர்களைப் பார்த்துக் கற்றதே அதிகம். மூன்று வயதுச் சிறுமியொருத்தி, மரக்கட்டையின் குழிகளிலே அளவான உருளைகளைப் பொருத்தும் வேலையில் ஈடுபட்டிருந்தாள். அம்மையார் அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். மற்றைப் பிள்ளைகளைச் சுற்றிநின்று பாடச் சொன்னார். சிறுமி நிமிர்ந்தும் பாராமல், நாற்பது தடவைக்கு மேல் அவ்வேலையையே திருப்பித் திருப்பிச் செய்து, பின்னர் துயில் நீங்கியவள்போல மகிழ்ச்சியோடு எழுந்தாள். வேறொரு நாள், ஆசிரியை அலுமாரியைப் பூட்ட மறந்து போய்விட்டார். மறுநாள் வந்து பார்த்தால், பிள்ளைகள் தாமே வேண்டியவற்றை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். களவென்று ஆசிரியை கருதினார். தமக்கு எது வேண்டும் என்று பிள்ளைகள் அறிவார்கள் என்பதற்கு அதுவே சான்று என்று அம்மையார் கருதினார். பூட்டிய பெரிய அலுமாரியின் இடத்திலே, சிறு கைகளுக்கு எட்டும் தாழ்ந்த அலுமாரிகள் வந்தன.

இன்னொரு நிகழ்ச்சி சிரிப்புக்குரியது போலத் தோன்றும். அம்மையார் ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று பாடம் நடத்தினார். கைக்குட்டையை மடிப்பது, ஓசையின்றித் துடைப்பது எல்லாம் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. பாடம் முடிந்ததும் கைதட்டி ஆரவாரித்தார்கள். இது ஏன் என்று அம்மையார் சிந்தித்தார். மூக்கைப் பற்றிச் சிறு பிள்ளை கேட்பதெல்லாம் ஏச்சுத்தான். அதனை அவமானப்படுத்தாமல், அமைதியாகச் சொல்லிக்கொடுத்தவர் அதுவரை எவருமில்லை. ஏழைக் குழந்தைக்கும் மானம் உண்டு என்னும் உண்மையை இக்கைதட்டல் அவருக்கு உணர்த்திற்று.

எழுத்தறியாத் தாய்மாரின் வேண்டுகோள்

இக்கதையில் எம் நெஞ்சை மிகக் கவர்ந்த பகுதி இனி வருவது. சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அம்மையாருக்கு முதலில் இருக்கவில்லை. ஆறு வயதுக்கு முன் எழுத்து வேண்டாம் என்பதே அக்காலத்துக் கல்வியாளர் துணிபு. அவரும் அவ்வாறே எண்ணியிருந்தார். ஒருநாள் குடியிருப்பின் தாய்மார் சிலர் ஒன்றுகூடி அவரிடம் வந்தனர். அவர்கள் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள். தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டும் என்று மன்றாடினார்கள். அம்மையார் முதலில் மறுத்தார். அவர்கள் விடாது கேட்கவே இசைந்தார்.

மரத்தாலான எழுத்துக்களைச் செய்விக்க வசதி கிட்டவில்லை. ஆகவே காகித அட்டையிலும் அரத்தாளிலும் எழுத்துக்களை வெட்டினார்கள். பிள்ளைகள் அவற்றை விரலாலே தடவித் தடவி உருவத்தை அறிந்தார்கள். 1907-ஆம் ஆண்டு நவம்பரிலே இம்முயற்சி தொடங்கிற்று. மார்கழியில் வெயில் எறித்த ஒருநாள், கட்டடத்தின் மேற்றளத்திலே ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் அம்மையார் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவனைப் பாராட்டினார். அவன் எழுதினான்! “எனக்கு எழுதத் தெரியும்!” என்று கூவினான். ‘கை’ என்னும் சொல்லை எழுதினான். ‘கூரை’ என்று எழுதினான். மற்றைப் பிள்ளைகளும் ஓடிவந்து சுண்ணக்கட்டி கேட்டார்கள்.

அதன்பின் எழுதும் ஆவல் காட்டுத்தீயைப் போலப் பரவிற்று. வீட்டு நிலத்திலே எழுதினார்கள்; கதவிலே எழுதினார்கள்; தாய் வாங்கி வைத்த பாணின் மேற்றோலிலுங்கூட எழுதினார்கள். நிலத்தையும் பாணையும் காப்பதற்காகத் தாய்மார் தாமே காகிதமும் பென்சிலும் வாங்கிக் கொடுத்தார்கள். தொடங்கி ஒன்றரை மாதத்துக்குள், நான்கு வயதுப் பிள்ளைகள் இருவர் தம் தோழர் பெயரால் மையிட்டு வாழ்த்துக் கடிதங்கள் எழுதினர். அவை யாருக்கு எழுதப்பட்டன? பொறியியலாளர் தலாமோவுக்கு! தம் கட்டடத்தின் சுவரிலே எவருடைய கிறுக்கலுக்கு அஞ்சினாரோ, அவர்களுடைய கையெழுத்தே நன்றி கூறி அவரிடம் வந்து சேர்ந்தது.

இதனை அம்மையாருடைய வெற்றி என்று நூல்கள் கூறும். அது பொய்யன்று. ஆயினும் அக்கதவைத் தட்டியவர்கள் எழுத்தறியாத தாய்மார். பட்டம் பெற்ற வைத்தியரின் துணிபு தவறு என்று காட்டியது அவர்களுடைய வேண்டுகோள். அவர்கள் வந்து கேட்கத் துணிந்தது எதனால்? பள்ளி படிக்கட்டின் கீழே இருந்தது. அதன் ஆசிரியை ஊரிலிருந்து வந்துபோகும் அந்நியர் அல்லர். தொலைவிலே உயர்ந்த மதிலுக்குள் இருந்த பள்ளியாயின், அத்தாய்மார் வந்திருப்பார்களா?

பெட்டியில் அடங்காதது

இவ்வில்லத்தின் புகழ் விரைந்து பரந்தது. 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆந் திகதி சான் லொரென்சோவிலேயே இரண்டாவது இல்லம் திறக்கப்பட்டது. 1908-இல் மிலான் நகரிலே ஒன்று. 1909-இல் அம்மையாரின் நூல் வெளிவந்தது. 1912-இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. நாடுகள் தோறும் அவருடைய கருவிகள் பெட்டிபெட்டியாய்ச் சென்றன. ஆனால் பெட்டியிலே அடைக்கக் கூடியவை உருளைகளும் எழுத்து அட்டைகளுமே. ஒரே படிக்கட்டிலே ஏறும் ஆசிரியையையும் தாயையும் எந்தப் பெட்டியில் அடைப்பது? இலவசமாய்ப் பிறந்த பள்ளி பல நாடுகளிலே செல்வர்களின் பள்ளியாயிற்று. 1931-ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலண்டனிலே அம்மையாரின் பயிற்சிக் கல்லூரியிற் பேசிய காந்தியடிகள், இக்கல்வி செல்வர் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி வறியவர் பிள்ளைகளுக்கும் கிட்ட வேண்டும் என்ற நம்பிக்கையை வெளியிட்டார். அந்த நம்பிக்கையுள்ளே ஒரு கேள்வியும் அடங்கியிருந்தது.

அம்மையாருடைய சொந்த வாழ்விலும் ஒரு துயரம் உண்டு. 1898-இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். அவர் மணமாகாதவர். அக்காலத்துச் சமூகத்தில் மகனைத் தம்மிடம் வைத்திருந்தால் தொழிலும் பெயரும் அழிந்துவிடும். ஆதலின் அவன் நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றிலே வளர்ந்தான். தம் தாயார் 1912-இல் இறந்தபின்னரே அவர் மகனைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். பிறர் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் நடுவே பாலம் அமைத்தவர், தம் பிள்ளையின் இளமையைத் தொலைவில் நின்றே பார்த்தார். இதனைக் குறையாகச் சொல்ல நாம் யார்? தாயையும் பிள்ளையையும் பிரிப்பது எப்போதும் தாயின் மனமன்று. பெரும்பாலும் ஊரின் கட்டளையே என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1934-இல் இத்தாலியிலே அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1939-ஆம் ஆண்டு இறுதியில் பிரமஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்று, மகனுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 1940-ஆம் ஆண்டு யூன் மாதம் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில ஆட்சியாளர் மரியோவைச் சிறையிட்டனர். அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளிலே மகன் விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் இருந்தனர். அக்காலத்தில், 1943-ஆம் ஆண்டு யூலை 19-ஆந் திகதி, நேசநாட்டு விமானங்கள் சான் லொரென்சோவின்மீது குண்டு பொழிந்தன. 1944-இல் அம்மையார் எம் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1952-ஆம் ஆண்டு மே 6-ஆந் திகதி ஒல்லாந்து நாட்டிலே காலமானார்.

எமக்குரிய பாடம்

1945 முதல் எம் நாட்டிலே கல்வி இலவசம் என்று பெருமை பேசுகின்றோம். அப்பெருமை நியாயமானதே. ஆனால் முன்பள்ளி பெரும்பாலும் அவ்வேலிக்கு வெளியே நிற்கின்றது. கட்டணம் செலுத்தவும், ஆண்டு விழாவிற் கைதட்டவும் பெற்றோரை அழைக்கின்றோம். பிள்ளையைப் பற்றி நீங்கள் அறிந்ததைச் சொல்லுங்கள் என்று எத்தனை தடவை அழைத்தோம்? அம்மையாரின் பெயர் எம் பெயர்ப்பலகைகளிலே இருக்கின்றது. அவருடைய படிக்கட்டு எங்கே?

முன்னர் நிறுத்திய கதையை இனி முடிப்போம். எம்மில் ஒருவர் ஐந்தாம் வாரம் அச்சிறுமியின் வீட்டைத் தேடிச் சென்றார். தாய் விடியுமுன் வெங்காயத் தோட்டத்திற் புல்லுப் பிடுங்கப் போய், வெயில் ஏறியபின் திரும்பியிருந்தாள். இரண்டு வயதுத் தம்பியை இடுப்பிலே வைத்தபடி அச்சிறுமி முற்றத்திலே நின்றாள். ஏன் பிள்ளையை அனுப்பவில்லை என்று எம் நண்பர் கேட்டார். தாய் சற்றுத் தயங்கினாள்.

“அவளுக்கு வரத்தான் தம்பி ஆசை. நான் வேலைக்குப் போனால் சின்னவனை ஆர் பாக்கிறது? அவனையும் கொண்டு வரலாமெண்டு நீங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே.”

அக்கறையில்லாதவள் என்று நாம் தீர்ப்பளித்த தாயின் விடை இது. எம் வகுப்பிலே படங்கள் இருந்தன, கதைகள் இருந்தன, பாட்டுக்கள் இருந்தன. வாரத்தில் ஒரு முறை ஒரு தாயோடு பேசும் வழக்கம் மட்டும் இருக்கவில்லை. 1907-இல் ஒரு வீட்டுச் சொந்தக்காரரின் விதிப்பலகையிலேகூட இடம்பெற்றிருந்த அவ்வழக்கம், கல்வி கற்ற எம் நெஞ்சிலே இடம்பெறவில்லை.

அடுத்த சனிக்கிழமை அச்சிறுமி வந்தாள். அவள் தம்பியும் வந்தான். மூலையிலே ஒரு பாயை விரித்தோம். அவன் எம் வெண்கட்டிகளில் இரண்டைத் தின்ன முயன்றான்; மூன்றாவதாலே சீமெந்து நிலத்திற் கோடு கீறினான். தடுக்கப்போன கையை நாம் இழுத்துக்கொண்டோம்.

இளைஞர்காள்! ஊர்தோறும் சிறுவர்க்கு வகுப்பு நடத்த எம் சங்கங்கள் முன்வருகின்றன. நன்று. இடாப்பைத் திறக்குமுன் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுப் படலையையும் ஒருமுறை திறப்போமாக. அறிவுரை கூறுவதற்காக அன்று, கேட்பதற்காக. வீட்டாரோடு கொள்ளும் உறவே பிள்ளையோடு கொள்ளும் உறவுக்கு அத்திவாரம். அத்திவாரமின்றி எழுப்பிய கட்டடங்கள் என்னவாயின என்பதை உரோமாபுரியின் வரலாறே எமக்குச் சொல்லும்.